பெரியப்பாவின் முதுகுத் தண்ணீர்

பெரியப்பாவின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தன. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசற்படியைத் தாண்டவே பெரியம்மாவின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. நடுக்குவாதமாக இருக்கலாம் என்று, மூளையில் குறையும் டோபமினை ஈடுகட்டும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டும் பலனில்லை.

நான் பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அவரை அங்கேயே அழைத்துவந்தேன். நரம்பியல் மருத்துவர் கேட்கக் கேட்க வரிசையாகச் சொன்னேன்: நடை தடுமாறுகிறது, மறதி கூடியிருக்கிறது, சிறுநீரை அடக்க முடியவில்லை, கை மட்டும் நடுங்கவில்லை. ஸ்கேனில் மூளையின் உள்ளறைகள் நீர் தேங்கி விரிந்திருந்தன. அதே நீர்தான் முதுகுத்தண்டிலும் ஓடுகிறது, அங்கிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு நடக்கவைத்துப் பார்க்கலாம், நடை தேறினால் அறுவை சிகிச்சை பலன் தரும் என்றார் மருத்துவர்.

பெரியம்மா மறுத்துவிட்டார்.

"முதுகுத் தண்ணி எடுத்தா கால் வெளங்காமப் போயிடும்டி. இருக்கிற நடையும் போச்சுன்னா யாரு தூக்குறது, நீயா?"

"அப்புடி யாருக்குப் பெரியம்மா போச்சு?"

"எல்லாரும் சொல்றாங்கல்ல!"

தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழேதான் போகும் என்று படம் வரைந்து காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. கட்டிலில் கிடந்த பெரியப்பாதான் பேச்சை முடித்தார்.

"இப்ப மட்டும் என்ன ஓடிக்கிட்டா இருக்கேன்? எடுக்கச் சொல்லு."

குழாய்களில் வந்த நீர் தெளிவாக இருந்தது. நானே பரிசோதித்தேன். குளுக்கோஸ், இரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட்டாலும் சரியாக இருந்தது. புரதம் கூடவில்லை. தொற்றுக்கான அறிகுறி எதுவும் இல்லை. மற்ற நாளாக இருந்தால் அந்த எண்களே போதும். அன்று போதவில்லை, அவர் நடப்பாரா என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

மாலையில் வார்டுக்குப் போனேன். பெரியப்பா ஜன்னல்வரை நடந்து, எதையும் பிடிக்காமல் திரும்பிக்கொண்டிருந்தார். நேற்றுவரை திரும்புவதுதான் அவருக்குப் பெரும்பாடு. பெரியம்மா இரண்டு கைகளையும் நீட்டியபடி பின்னாலேயே போனார்.

"மெதுவாப் போங்க! பஸ்ஸா கெளம்பிடுச்சு?"



பெரியம்மா என்னை ஓரமாக இழுத்துப்போனார். "ஏண்டி, இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொல்லேன்."

எடுத்தாலும் மறுபடி ஊறிவிடும், மெல்லிய குழாய் ஒன்றை மூளை அறையில் வைத்து வயிற்றுக்குள் வடியவிட வேண்டும், திருச்சியில் செய்வார்கள் என்றேன்.

"தலையிலயா?"

"ஆமாம் பெரியம்மா."

பெரியப்பா மறுபடியும் ஜன்னலை நோக்கிக் கிளம்பியிருந்தார். அவரைப் பார்த்தபடியே பெரியம்மா கேட்டார்.

"எப்பப் போவணும்?"