மெட்டியோடு ஆடிய பாட்டு

கூடுவாஞ்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஸ்ரீவித்யா கணக்கு டீச்சர். விடுமுறை நாட்களில் சினிமா கதாநாயகி, ஆனால் கணுக்காலுக்குக் கீழே மட்டும்.

கர்நாடக ராகத்தில் காதல் பாட்டு வந்தால் நாயகி பரதம் ஆடியே தீர வேண்டும். முகபாவம் எப்படியாவது வந்துவிடும், ஜதிதான் வராது. அப்போது டான்ஸ் மாஸ்டர் சிட்டிபாபு ஸ்ரீவித்யாவைக் கூப்பிடுவார். திரையில் முகம் நாயகியுடையது, சலங்கை கட்டிய பாதம் இவளுடையது. தன் கால்கள் எப்பேர்ப்பட்டவை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எந்தப் படத்து டைட்டிலிலும் பெயர் வராததுதான் மனசை அறுத்தது.

“காலுக்கெல்லாம் பேரு போடுவாங்களாம்மா?” என்று சிரிப்பார் மாஸ்டர்.

“சாப்பாடு போட்டவங்க பேரு வருது. ஆடினவ பேரு வரக் கூடாதா மாஸ்டர்?” என்பாள் இவள். அவர் வாட்சைப் பார்ப்பார்.

படத்து நாயகி கல்யாணமாகாத பெண். அதனால் செட்டுக்குள் நுழைந்ததும் ஸ்ரீவித்யா தேங்காயெண்ணெய் தடவி மெட்டியைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொள்வாள். கடைசியாக ஆடிய பெஹாக் ராகப் பாட்டில் கழற்றுவது தவறிப்போனது. வெளிச்சம் போகிறதென்று கேமராக்காரர் பறக்க, காலில் சிவப்புச் சாயம் பூசிய கையோடு ஆட இறக்கிவிட்டார்கள். எல்லோரும் தாளத்தைப் பார்த்தார்கள். விரலை யாரும் பார்க்கவில்லை, அவள் உட்பட.

சில வாரம் கழித்து மாஸ்டர் போன் செய்தார். “மெட்டி போட்டுக்கினு ஆடிட்டியேம்மா. செட்ட பிரிச்சாச்சு, ஹீரோயின் ஃபாரின் பூட்டாங்க. டைரக்டர் கொதிச்சுகினு கீறாரு.”

ஸ்ரீவித்யா போனை வைத்தாள். இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள், பெயர் வரப்போவதுமில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகமல்ல அவள். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை மூடி வைத்துவிட்டு ரயிலேறினாள்.

எடிட்டிங் அறையில் டைரக்டர் ஜெபசீலன் வணக்கம்கூடச் சொல்லாமல் திரையைக் காட்டினார். பெரிதாகத் தெரிந்தது அவள் பாதம், விரலில் மெட்டி மின்ன. அவள் கண்ணுக்கு அழகாகவே இருந்தது.

“படத்துல ஹீரோவுக்கும் ஹீரோயினுக்கும் எப்ப சார் கல்யாணம்?” என்று கேட்டாள்.

“செகண்ட் ஹாஃப்ல. யாருக்கும் தெரியாம கோயில்ல.”

“அது பாட்டுக்கு முன்னாடியே முடிஞ்சுடுச்சுன்னு வெச்சுக்கோங்க சார். வீட்ல மெட்டிய ஒளிச்சு வெச்சிருக்கா. அவன் முன்னாடி ஆடறப்ப மட்டும் எடுத்துப் போட்டுக்கறா. பின்னாடி டப்பிங்ல ரெண்டு வசனத்த மாத்தினா போதும்.”

ஜெபசீலன் அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்.

“உங்க பேரு என்னம்மா?” என்றார் டைரக்டர் கடைசியில்.

“ஸ்ரீவித்யா. டைட்டில்லயும் அதையே போட்டுடுங்க சார்.”

படம் வெளியானதும் தாம்பரம் தியேட்டரில் போய்ப் பார்த்தாள். ‘நடனப் பாதங்கள்: ஸ்ரீவித்யா’ என்ற வரி திரையில் வந்ததும், பக்கத்தில் இருந்த அவள் கணவன் ராகவேந்திரா விரலை வாயில் வைத்து விசிலடித்தான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் சத்தமே போடாத மேனேஜர் என்று பெயரெடுத்தவன். ஸ்ரீவித்யாவுக்கு அழுகை முட்டியது, சந்தோஷத்தில்தான்.

ரகசியக் கல்யாணம் வெளிப்பட்ட இடத்தில் அவர்களுக்கு முன் வரிசையில் இருந்த அம்மாள் ஒருத்தி தன் கணவரை இடித்தாள். “பாட்டுலயே மெட்டி போட்டிருந்தா. நான் அப்பவே சொன்னேன்ல?”

படம் முடிந்ததும் ஸ்ரீவித்யா முன்னால் குனிந்தாள். “அது என் கால்தாங்க.”

அந்த அம்மாள் திரும்பி அவள் காலைப் பார்த்தாள். மெட்டி அங்கேயே இருந்தது.

“காலைத்தான் அவ்வளவு பெருசா பாத்துட்டேனே” என்றாள். “கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கம்மா, முகத்தைப் பாக்கறேன்.”

ஸ்ரீவித்யா எழுந்து வெளிச்சத்துக்கு வந்து நின்றாள்.