சம்மணம் மறந்த கால்கள்

சீமையில் தாவரவியல் படித்துத் திரும்பிய என்னை வீட்டில் துரையைப்போல மேசை போட்டுத் தனியாகச் சாப்பிட வைத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த கல்லூரியிலோ சக ஆசிரியர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மறுபடி கப்பலேறிவிடலாமா என்று யோசித்துக்கொண்டேதான், செடி சேகரிக்கக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு நடந்தேறினேன்.

செம்மேட்டுக்கு அருகே, வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்த ஒரு பெண், “பசியோட போவாதீங்க சாமி” என்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வெயிலில் கறுத்த, மெலிந்த முகம். சிரிப்பு வரும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே அவள் புருஷனும் மைத்துனர்களும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் சம்மணமிடப் பார்த்தேன். கால்கள் மடங்கவில்லை, மல்லாக்க விழுந்தேன்.

“ஏனுங்க, என்னாச்சுங்க?”

“நாலு வருசம் சீமையிலே படிச்சேன். நாற்காலியிலேயே உட்கார்ந்து பழகிப்போச்சு.”

“நாலு வருசம் படிச்சும் உக்காரத் தெரியலீங்களா?” முந்தானையை மறந்து வாய்விட்டுச் சிரித்தாள். ஊர் திரும்பிய பிறகு என்னைப் பார்த்துச் சிரித்த முதல் ஆள் அவள்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“நவுந்து உக்காருங்க, அவரு செவுத்துல சாஞ்சுக்கட்டும்” என்று புருஷனை விரட்டினாள்.

பெயரைக்கூடக் கேட்காமல் இறங்கிவிட்டேன். வீடு திரும்பிய அன்று நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்காரப் போய், மறுபடி விழுந்தேன். அம்மா பதறி ஓடிவந்தாள். என் கோலத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.