மூன்றாம் நாள் எடுத்த படம்

கொழுந்தனார் மேல் நான் போட்ட கிணற்று வழக்கு தள்ளுபடியானது எனக்கு ஒரு பூட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. மாமியாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தக்காளிக்குத் தண்ணீர் விடப் போனேன். மோட்டார் ரூம் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

வீட்டுக்காரர் போன பிறகு எனக்கென்று இருப்பது ஒன்றேகால் ஏக்கர். கிணறு அவருக்கும் அவர் தம்பிக்கும் பொது. ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் கொழுந்தனாருக்கு என்று முறை. என் முறையைத் தடுத்ததால்தான் அரூர் கோர்ட்டுக்குப் போய், தடுக்கக் கூடாது என்று தடையுத்தரவு வாங்கியிருந்தேன்.

வாய்தாவுக்குப் போனால் ஜட்ஜ் லீவு என்பார்கள். மறுபடி போனால் வக்கீல் வரவில்லை என்பார்கள். சலித்துப்போய், மாங்காய் பறிப்பில் ஒரு வாய்தாவை விட்டேன், நடவில் இன்னொன்றை. அடுத்தது நான் சாட்சி சொல்ல வேண்டிய கடைசி வாய்தா. அது மாமியார் செத்த மூன்றாம் நாள், பால் ஊற்றும் நாளில் வந்து விழுந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே தீட்டு. தீட்டோடு யார் கோர்ட் படி ஏறுவார்கள்? கொழுந்தனாரும் போகமாட்டார் என்று நம்பி, செல்லை எங்கேயோ போட்டுவிட்டுப் பந்திக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெற்ற தாய்க்குப் பால் ஊற்றிய கையோடு அவர் பைக்கில் அரூர் போயிருக்கிறார். நான் வரவில்லை, அவர் வந்திருக்கிறார், வழக்கு தள்ளுபடி. தடையுத்தரவும் அதோடு போச்சு. மத்தியானம் திரும்பி வந்து என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பூட்டுப் போட மட்டும் காரியம் முடியட்டும் என்று பொறுத்திருக்கிறார்.

வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட முப்பது நாள்தான் அவகாசம், வராததற்குக் காரணம் எழுத வேண்டும் என்றார் வக்கீல். சாவு என்றேன். அவர் பேனாவை மூடினார்.

"மகனே வந்துட்டாரு, மருமகளுக்கு என்னன்னு ஜட்ஜ் கேப்பாருங்கம்மா. காமாலைன்னு போட்டுருவம். நாட்டு மருந்து சாப்பிட்டதால டாக்டர் சீட்டு இல்ல. எல்லாரும் போடறதுதான்."

இல்லாத நோயை எழுத எனக்கு மனசில்லை. வேறு நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். தண்ணீர் இல்லாமல் தக்காளிப் பூ கொட்டிக்கொண்டிருந்தது, கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து தினமும் கண்ணாடியில் இமையை இழுத்துப் பார்க்கிறேன், மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று. மனுவின் நகல் கைக்குப் போனதிலிருந்து, வழியில் பார்த்தால் கொழுந்தனார் வண்டியை நிறுத்தி, உடம்பு தேவலையா என்று சிரித்துக்கொண்டே விசாரிக்கிறார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் அவருடைய பதில் மனு வந்தது. வக்கீல் படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். கடைசிப் பக்கத்தில் ஒரு போட்டோ. மாலை போட்ட மாமியார் படத்துக்குப் பக்கத்தில், கையில் சோற்றுக் கரண்டியோடு நான் கல்லுக்குண்டாட்டம் நிற்கிறேன். ஓரத்தில் தேதியும் மணியும் இருந்தன. வருகிற திங்கட்கிழமை நான் கூண்டில் ஏறி, அன்றைக்குக் காமாலையில் படுத்திருந்தேன் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பைக் சாவியை விரலில் மாட்டிக்கொண்டுதான் கொழுந்தனார் செல்லை நீட்டினார்.

"அண்ணி, அம்மா பக்கத்துல நில்லுங்க. கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டது நீங்கதான. ஒரு போட்டோ இருக்கட்டும்."

அந்த வார்த்தைக்கு நான் அழுதுவிட்டேன். படத்தில் அழுத கண் தெளிவாகத் தெரிகிறது. துளி மஞ்சள் இல்லை.