எதிர்ப்பக்கம் ஓடும் முப்பது குதிரைகள்

டெஸ்மண்ட் தர்கர் தன் முப்பது குதிரைகளையும் பாய்லர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார் என்ற செய்தி சனிக்கிழமை காலை கசாப்புக் கடையில் என் காதுக்கு வந்தது. மதியம் பப்பில் கேட்டபோது குதிரைகளோடு ராட்டினமும் எரிந்திருந்தது. சாயங்காலம் அது எங்கள் தெருமுனைக்கு வந்து சேர்வதற்குள் கொட்டகையும் சாம்பலாகி, அவர் மனைவி ஹேசல் இரவு உடையோடு தண்டவாளத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

விசாரித்துவிட்டு எழுதுவது என் வழக்கமல்ல. இந்த முறை விசாரித்தேன். எரிந்ததாகச் சொல்லப்பட்ட மரக் குதிரை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம்தான். அவ்வளவு சின்னதை எரிக்க ரொம்பப் பெரிய கோபம் வேண்டும். டெஸ்மண்ட்டுக்குக் கோபம் வந்து இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் போனேன். லெவல் கிராசிங் ஓரத்து வீடு அப்படியே இருந்தது. கொட்டகையும் இருந்தது. ஹேசல் ஒழுங்காகப் பாவாடை சட்டை அணிந்து வாசலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எரிஞ்சுபோன வீட்டைப் பாக்க வந்தியாப்பா? டிக்கெட் எடுத்தியா?"

"புகை வந்துச்சுன்னு சொன்னாங்களேம்மா."

"வேலி வெட்டுன செத்தை. சொந்த வேலியைக் கொளுத்துறதுக்கும் இந்த ஊர்ல கமிட்டியைக் கூட்டணும் போல. உள்ள போய்ப் பாரு. அவரைப் பேச வைக்க முடிஞ்சா உனக்கு ஒரு கேக்கு."

கொட்டகையின் நடுவில் ராட்டினம் நின்றது. அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நடுவே செம்பு பாய்லர், அதன்மேல் விரல் நீளப் புகைபோக்கி, முறுக்கிய பித்தளைக் கம்பிகள், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஊதுகுழல் வாத்தியம். தீப்பெட்டி அளவு வாத்தியத்துக்கு ஒரு தனி என்ஜினும் உண்டு. முப்பது குதிரைகளும் பக்கத்தில் முட்டை அட்டைகளில் பத்திரமாகப் படுத்திருந்தன. ஒன்றுகூடக் கருகவில்லை. ஆனால் கழுத்துகளில் எழுத்து இல்லை.

அந்தக் கழுத்துகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராட்டினக்காரர்கள் குதிரையின் கழுத்தில் பெயர் எழுதுவார்கள். மகள், பேத்தி, செத்துப்போன மைத்துனர் என்று குடும்பமே அதில் சுற்றும். டெஸ்மண்ட்டுக்கும் ஹேசலுக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் ஊரில் சின்ன மாதிரி என்ஜின்கள் செய்பவர்கள் கூடும் சங்கத்தின் உறுப்பினர்கள் அத்தனை பேரையும் குதிரைகளில் எழுதியிருந்தார். முன்வரிசையில் முதல் குதிரை நெவில் காட்ஸ். மீதமிருந்த கழுத்துகளில் ஹேசலும், ஹேசலின் தங்கையும், ஒரு பழைய நாயும். இப்போது நாயையும் இரண்டு பெண்களையும் தவிர எல்லோரையும் சுரண்டி எடுத்திருந்தார்.

"என்ன டெஸ் இது?"

"சொரண்டிட்டேன்."

"தெரியுது. ஏன்?"

அவர் ஒரு குதிரையை எடுத்து என் கையில் வைத்தார். "எந்தப் பக்கம் பாக்குது?"

அலங்காரப் பக்கம் என்னைப் பார்த்திருந்தது. சேணம், பொன் பூச்சு, பிடரியில் சுருள் சுருளாகச் செதுக்கல். குதிரையின் தலை என் வலப்பக்கம் இருந்தது.

"வலது பக்கம்."

"அதான்," என்றார். மீதியை வாசலில் ஹேசல் சொன்னார், பீன்ஸ் தீரும்வரை.

டெஸ்மண்ட் இந்த கிராசிங்கின் கேட்கீப்பர். சனி ஞாயிறுதான் கடற்கரைக்குப் போகும் ரயில்கள் அதிகம். பழைய நீராவி என்ஜின்களும் ராட்டினங்களும் ஓடும் நீராவித் திருவிழாக்கள் நடப்பதும் அதே சனி ஞாயிறுகளில்தான். ஆகவே ராட்டினம் செய்ய ஆசைப்பட்ட மனிதர் ராட்டினத்தைப் போய்ப் பார்க்கவே முடியாமல் இருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்த சிநேகிதர் நெவில் காட்ஸ், அப்போது புவியியல் வாத்தியார், அவருக்கு விடுமுறையும் காரும் கேமராவும் இருந்தன. "நீ கேட்டைப் பாத்துக்கோ, நான் உனக்குக் கண்ணா இருக்கேன்" என்றார். நெவில் ஊர் ஊராகப் போய் அளவெடுப்பார், புகைப்பட ஸ்லைடு எடுப்பார். வியாழக்கிழமை கொட்டகைச் சுவரில் புரொஜெக்டரை ஓட்டுவார். டெஸ்மண்ட் சுவரில் காகிதம் ஒட்டி, அதில் விழும் குதிரைப் படத்தின்மேல் பென்சிலால் கோடு இழுப்பார். அந்தக் கோட்டை வைத்துச் செதுக்குவார்.

முதல் ஸ்லைடு, பெயின்ட் அடிக்கக் கழற்றி வைத்திருந்த ஒரு வெள்ளைக் குதிரை. கழுத்தில் எழுத்தே இல்லை. நெவில் அதைத் திருப்பிச் செருகியிருந்தார். சுவரில் இடப்பக்கம் பார்க்க வேண்டிய குதிரை வலப்பக்கம் பார்த்தது.

இங்கிலாந்தில் குதிரை ராட்டினம் கடிகார முள் போகும் பக்கம்தான் சுற்றும். குதிரையில் இடப்பக்கமாக ஏறுவது வழக்கம் என்பதால் அப்படி. வெளிப்பக்கம்தான் செதுக்கல் எல்லாம். உள்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று வழவழவென்று விட்டுவிடுவார்கள். டெஸ்மண்ட்டும் அப்படித்தான் விட்டிருந்தார், தப்பான பக்கத்தை. திருப்பி மாட்டினால் முப்பது மொட்டைக் குதிரைகள்தான் ஊருக்குத் தெரியும்.

இந்த வசந்த காலத்தில் கிராசிங்கில் தானே ஏறி இறங்கும் தடுப்புக் கட்டை வந்தது. டெஸ்மண்ட் ஓய்வுபெற்றார். வீட்டை ரயில்வே அவருக்கே விற்றது. முதல் சனிக்கிழமையே கணவனும் மனைவியும் பஸ் ஏறித் திருவிழாவுக்குப் போனார்கள். பதினேழு வருடமாகச் செய்துகொண்டிருந்த பொருளின் அசலை முதன்முறையாகப் பார்க்கப் போனார்.

"ராட்டினம் நின்னுக்கிட்டிருந்துச்சு," என்றார் ஹேசல். "எல்லாக் குதிரையும் இடது பக்கம் பாக்குது. இவரு என்ன நெனச்சாரு தெரியுமா? நாம பின்பக்கமா வந்துட்டோம், முன்பக்கம் அந்தாண்ட இருக்குன்னுட்டு ஒரு சுத்து நடந்தாரு. அங்கயும் அப்படித்தான். மறுபடி ஒரு சுத்து. ராட்டினத்துக்கு ஏதுப்பா பின்பக்கம்?"

"அப்புறம்?"

"அந்த ராட்டினக்கார அம்மாகிட்ட, இது எந்தப் பக்கம் சுத்தும்னு கேட்டாரு. ஏறிப் பாரு ராசான்னாங்க. ஏறினாரு. நான் கீழயே நின்னேன். அது சுத்த ஆரம்பிச்சப்ப அவரு மூஞ்சியைப் பாத்தேன். நான் போய்ட்டா அவரு மூஞ்சி எப்படி இருக்கும்னு அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்."

அடுத்து வந்த வியாழக்கிழமை சங்கக் கூட்டம். அங்கே நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லார் வாயிலும் பொதுவாக நின்றதை மட்டும் எழுதுகிறேன். டெஸ்மண்ட் கோட்டைக் கழற்றாமலே போய் நெவிலுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"முதல் ஸ்லைடைத் திருப்பிப் போட்டியா?"

நெவில் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். "டெஸ், அது தெரியாம நடந்தது."

"எப்போ தெரிஞ்சுது?"

"ஆறாவது குதிரை முடிச்சப்போ. நீ அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்த. சரி, அடுத்த வாரம் சொல்லலாம்னு..."

"அதுக்கப்புறம் கொண்டாந்த ஸ்லைடெல்லாம்?"

நெவில் பிஸ்கட்டை மறுபடி கையில் எடுத்தார்.

"நெவில்."

"திருப்பித்தான் போட்டேன். இல்லாட்டி உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"எழுத்து இருந்த படமெல்லாம் வெளிச்சம் பட்டு வீணாப்போச்சுன்னியே?"

"அதையும் நான்தான் சொன்னேன். எழுத்து திரும்பித் தெரிஞ்சிருக்கும்ல."

பின்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். டெஸ்மண்ட் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குமா தெரியும்?" எல்லோர் கையிலும் தேநீர், தேநீரில் கரண்டி. சங்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டெஸ்மண்ட் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் தேநீரைக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகக் கலக்குவார்கள். பல வருடமாக. அதைச் சங்கத்து வழக்கம் என்று நினைத்து அவரும் கூடவே எதிர்ப்பக்கம் கலக்கிக்கொண்டிருந்தார்.

அன்று அவர் கரண்டிகளைப் பார்த்தார். தன் கோப்பையைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். அந்த வாரம்தான் கழுத்துகளைச் சுரண்டினார். வேலிச் செத்தை எரிந்த புகைக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுக் குதிரைகளைப் பேச்சில் கொளுத்தியது சங்கத்து ஆட்கள்தான். கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருக்கும் ஊரில் நெருப்பு சுலபமாகப் பற்றும்.

நெவிலையும் பார்த்தேன். என்னை உட்காரவைத்து ஷெரி ஒயின் ஊற்றினார். குடிக்கத்தக்க ஷெரி.

"நீயே யோசிச்சுப் பாருய்யா. அன்னிக்கே நான் சொல்லியிருந்தா அவன் ஆறு குதிரையோட நிறுத்தியிருப்பான். முப்பது பண்ணினான்! மனசு தெம்பா பண்ணினான்."

"அப்போ அவர் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கார்."

"அப்படிச் சொல்லலை," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா ஒரு விதத்துல..." என்றார். அந்த விதம் என்னவென்று அவருக்கே அகப்படவில்லை.

"சங்கத்துல எப்படிப் பரவுச்சு?"

"ஒருத்தன்கிட்டதான்யா சொன்னேன். மனசுல வச்சுக்க முடியலை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பேரையும் சொரண்டிட்டானா?"

"முதல்ல உங்களுதைத்தானாம்."

அவர் ஷெரி புட்டியை மூடி அலமாரியில் வைத்தார். அத்தோடு பேட்டி முடிந்தது.

ராட்டினத்தை ஓட்டுவாரா மாட்டாரா என்பதுதான் அதன்பின் ஊரில் பேச்சு. சங்கம் பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் நாளில் ஓட்டுவதாக இருந்ததை ரத்து செய்திருந்தார். பொன்னும் பித்தளையுமாக அது கொட்டகையிலேயே கிடந்துவிடும் என்று நானும் நினைத்தேன். ஆகஸ்ட் ஞாயிறு ஒன்றில் ஹேசல் தபால்கார அம்மாவிடம், "சாயங்காலம் அவரு நெருப்பு மூட்டறாரு, வர்றவங்க வரலாம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு சொல்லவே வேண்டாம்.

கொட்டகைக் கதவுகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். டெஸ்மண்ட் எண்ணெய்க் குப்பியோடு சுற்றிச் சுற்றி வந்தார். எந்தப் பக்கம் ஓட்டப் போகிறார் என்று கேட்டேன்.

"அதுங்க எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம். வேற எப்படி? வாலை முன்ன விட்டு ஓட்டவா?"

வால்வைத் திறந்தார். சின்னப் புகைபோக்கி இருமியது. வாத்தியம் கிறீச்சிட்டு ஒரு நடனப் பாட்டுக்கு வந்தது. முப்பது குதிரைகளும் எழுந்து தாழ்ந்து, இங்கிலாந்தில் எந்தக் குதிரையும் போகாத பக்கம் போயின. அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் சங்கத்து ஆள் ஆகிவிடுவேன். சங்கத்தார் ஏழெட்டுப் பேர் பின்னால் நின்றிருந்தார்கள், ஆடும் கழுத்துகளில் தங்கள் பெயர் இருந்த இடத்தைத் தேடிக்கொண்டு. ஹேசல் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். தேநீர் போடவில்லை.

நெவில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். தடுப்புக் கட்டை மேலே தூக்கியிருந்தது, ரயிலும் இல்லை. ஆனாலும் கடந்து வரவில்லை. டெஸ்மண்ட் ஒரு தடவை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து நீராவியை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

போன வாரம் பக்கத்து ஊர்ச் சந்தையில் அந்த ராட்டினக்கார அம்மாவைப் பார்த்தேன். லவீனியா கிரிம்வுட். காதில் பெரிய பொன் வளையங்கள், வாயில் சிகரெட்.

"உங்க ஊரு ஆளு ஒருத்தரு மூணு சவாரி போனாரு ராசா," என்றார். "ராட்டினம் சுத்தறப்பதான் நாங்க காசு வாங்குவோம். கையை நீட்டிக்கிட்டுப் போனேன். அவரு குதிரைக் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தாரு. எப்படிக் கேக்குறது? இறங்கினவரு அப்படியே வயலுக்குள்ள நடந்து போய்ட்டாரு."

"நான் தர்றேன்."

"நீயா ஏறின? கண்ணாடி போட்ட வாத்தியாரு மாதிரி ஒருத்தரும் வந்து காசை நீட்டினாரு. ஏறினவரு வந்து தரட்டும்னுட்டேன்."

மூன்று சவாரிக்கு ஆறு பவுண்டு. டெஸ்மண்ட்டிடம் சொன்னேன். "தர வேண்டியதுதான்" என்றார், ஆனால் அந்த ராட்டினம் இருக்கும் இடத்துக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. ஹேசல் காசை எடுத்துச் சமையலறை ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறார். இன்றுவரை அங்கேயே இருக்கிறது.