சொட்டு அக்காவின் கைராசி

எங்கள் ஆய்வகத்தில் உயிர்ச்செல் வளர்க்கும் சொட்டு அக்கா தொட்டால், செத்த செல்லும் எழுந்து உட்காரும் என்று ஒரு பேச்சு உண்டு. அது கேண்டீன் வரைக்கும் பரவி, ஒருத்தி வாடிய ரோஜாத் தொட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அத்தனையும் புளுகு. குடுவை கழுவுகிற இடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவன் நான், நடந்ததைச் சொல்கிறேன்.

செல் வளர ஒரு புரத மருந்து வேண்டும். செல்லை வைக்கும் பெட்டி மனித உடம்பின் சூட்டிலேயே இருக்கும்; அந்தச் சூட்டில் மருந்து ஒரே நாளில் வீணாகிவிடும். அதனால் அக்கா தினமும், ஞாயிற்றுக்கிழமைகூட வந்து புது மருந்தைச் சொட்டு விடுவாள். எட்டு வருஷம். ஆய்வகத் தலைவரோ செல்லைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்ததுதான் அதிகம்.

மருந்து விற்பவர் ஒருவர் மாதிரிக்கு ஒரு பொடி கொடுத்தார். புரதம் செய்கிற வேலையைச் செய்யும் சின்ன ரசாயனம், சூட்டில் கெடாது என்றார். தலைவர் அதை இழுப்பறையில் எறிந்தார். "மூக்குப்பொடி விக்கிறவன்லாம் எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டான்."

தன் மகள் முழுகாமல் இருக்கும் செய்தி வந்த அன்று, பிரசவத்துக்குப் போயாக வேண்டுமே என்று அக்கா அந்தப் பொடியை எடுத்தாள். தண்ணீரில் கரையாமல் மிதந்தது. விற்பவரிடம் போனில் கேட்டு, பூண்டு வாடை அடிக்கும் ஒரு திரவத்தில் கரைத்தாள். குப்பைக்குப் போகிற செல் தட்டுகளில் ஆறு மாதம் போட்டுப் பார்த்தாள். அளவு கூடினால் செல் சுருண்டது; குறைத்தால் பொலிந்தது. எல்லாம் நோட்டில் ஏறியது. தலைவர் வாராவாரம் கையெழுத்துப் போட்டார். படிப்பதெல்லாம் அவர் கௌரவத்துக்குக் குறைச்சல்.

மகளின் பிரசவத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டாள். "செல்லுக்கு லீவு உண்டாம்மா? போனா அப்படியே போயிடு" என்றார், மச்சான் வீட்டு விருந்துக்கு நாலு நாள் போய்வந்த மனுஷன்.

அக்கா எல்லாத் தட்டிலும் பொடிக் கரைசலை விட்டுவிட்டுக் கிளம்பினாள். அவள் இல்லாததே தலைவருக்குத் தெரியாது. உள்ளே எட்டிப் பார்த்தால்தானே!

நான்காம் நாள் அக்கா திரும்பி வந்த அன்றே, ஆய்வகத்தைப் பார்க்க வெளியிலிருந்து விஞ்ஞானிகள் வந்தார்கள். தட்டு நிறையச் செல். தலைவர் நெஞ்சை நிமிர்த்தி, இந்த அம்மா ஒரு நாள் தவறாமல் வருவாள், எல்லாம் இவள் கைராசி என்றார். அந்தப் பேச்சு பிறந்தது அங்கேதான்.

வேலை போனாலும் போகட்டும் என்று அக்கா நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"கைராசியாவது மண்ணாவது சார். மூணு நாளா நான் பேரன்கூட இருந்தேன், தட்டை ஒருத்தரும் தொடல. உள்ள இருக்கிறது நீங்க தூக்கி எறிஞ்ச பொடி. கீழ உங்க கையெழுத்துதான், இப்பவாவது படிங்க."