கடலுக்கு முதுகைக் காட்டி வீசிய வலை

கராஜைச் சுத்தம் செய்யும்போது என் பழைய மழைக்கோட்டு ஒன்று கிடைத்தது. பைக்குள் கைவிட்டால் மணல். என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அம்மா, இட் ஸ்டிங்க்ஸ்! த்ரோ இட் அவுட்!” என்றாள். அவளுக்கு அது நாற்றம். எனக்கு அது பிலோவின் ஞாபகம். நாற்றம் என்று பிலோவிடம் சொன்னால் அடிக்க வருவாள்.

பிலோ, அதாவது பிலோமினா, நாங்கள் அமெரிக்கா வந்த புதிதில், பிளசன்டனில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழ் வீட்டுக்காரி. ஊர் தூத்துக்குடி. அவள் கணவர் அன்டனும் என்னவரும் ஒரே ஆபீஸ். பிலோவுக்கும் எனக்கும் வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. பகல் முழுக்கப் பேச்சுதான். குளிர்காற்று அடித்தால், “காத்துக்குப் பல்லு முளைச்சிருக்கு” என்பாள். எதையும் அப்படித்தான் சொல்வாள். நானும் வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊரிலிருந்து வந்தபோது பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு வீச்சு வலையை மடித்துக் கொண்டுவந்தவள் அவள். ஓரமெல்லாம் ஈயக் குண்டு. ஏர்போர்ட்டில் இது என்னவென்று கேட்டவருக்கு, இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல், வீசியே காட்டினாளாம். நான் பாதிதான் நம்புகிறேன்.

தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து மாதம் ஒரு பாட்லக் நடத்துவோம், ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவரும் விருந்து. ஒருமுறை பிலோ, மீன் பொரித்துக்கொண்டு வருகிறேன் என்றாள். ஏற்பாடுகளைக் கவனித்த ரகு அண்ணா போன் பண்ணினார்.

“ஃபிஷ் மட்டும் வேண்டாமே, ப்ளீஸ். நிறைய பேருக்கு ஸ்மெல் ஒத்துக்காதும்மா.”

“யாருக்கு ஒத்துக்காதாம்? பேரச் சொல்லுங்கண்ணே.”

அவர் போனை வைத்துவிட்டார். பிலோ சொல்லச் சொல்ல, நான் அவள் பெயரில் எல்லோருக்கும் மெயில் அடித்தேன்: “வருகிற சனிக்கிழமை ஹாஃப் மூன் பே பக்கம் கடற்கரையில், என் கையால் பிடித்த மீனை அங்கேயே பொரித்துத் தருகிறேன். வாடை ஆகாதவர்கள் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்காரலாம்.”

போகும் வழியில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “மீன் படலன்னா இனி இவங்க மூஞ்சில முழிக்க மாட்டேன், பாத்துக்க.” இவள் வராத கூட்டத்தில் நான் யாரோடு பேசுவது?

கோடையில் அங்கே கரையோரமாக ஸ்மெல்ட் என்று ஒரு மீன் வரும். நம் நெத்திலிக்கு அண்ணன் மாதிரி, கொஞ்சம் நீளம், வெள்ளியாய் மின்னும். அன்று மீனுக்கு முன்னால் காற்று வந்திருந்தது. கார்க் கதவைத் திறந்தால் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும் காற்று. வேடிக்கை பார்க்க ஏழெட்டுக் கார் வந்தது; ஒருவரும் இறங்கவில்லை. பிலோ முதல் வீச்சு வீசினாள். வலை காற்றில் புரண்டு அவள் தலையிலேயே விழுந்தது. அடுத்ததும் அப்படியே. காருக்குள் சிரிக்கிறார்கள் என்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

அன்டன் தொப்பியைப் பிடித்தபடி வந்தார். “போதும் பிலோ, வா. ஃப்ரோஸன் மீன் வாங்கிக்கலாம்.”

“நீங்க வேணா ஃப்ரோஸனா நில்லுங்க.”

அவள் ஊரில் விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். வலையும் கூடவே போகும். இங்கே கடலிலிருந்து வந்து முகத்தில் அறைகிறது. கை மட்டும் ஊர்ப் பழக்கத்திலேயே கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று யோசித்தவள், முழங்கால் தண்ணீருக்குள் இறங்கித் திரும்பிக்கொண்டாள். கடலுக்கு முதுகு, கரைக்கு முகம். ஸ்மெல்ட் முட்டையிட வருவதே அலை ஏறி இறங்கும் விளிம்புக்குத்தானே!

அந்தக் கடற்கரையில் கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள், திடீர் அலை இழுத்துவிடும் என்று போர்டே வைத்திருக்கிறார்கள்.

“ஏட்டி, நீ கடலப் பாரு. நா கரையப் பாக்கேன்.”

நீச்சல் தெரியாத என்னை நம்பி! அவள் கோட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு கடலையே முறைத்தேன். பெரிதாக எதுவும் எழுந்தால், “அலை!” என்று கத்துவேன், இருவரும் கரைக்கு ஓடுவோம், மறுபடி இறங்குவோம். வீசும்போது இப்போது காற்றே வலையை விரித்துக் கொடுத்தது. ஒன்றிரண்டு வீச்சு சும்மா போயிற்று. அப்புறம் வலைக்குள் வெள்ளி துள்ளியது.

கையில் எடுத்து முகர்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வெள்ளரிக்காய் வாசம்! இதற்கா அத்தனை பேச்சு?

எங்கள் வேன் கதவின் மறைவில் அடுப்பை மூட்டினோம். மசாலா எண்ணெயில் விழுந்ததும் ஒவ்வொரு கார்க் கதவாகத் திறந்தது. “எங்க வீட்லயும் சாப்பிடுவோங்க, வெளில சொல்லிக்கல, அவ்ளோதான்” என்று தட்டை நீட்டினாள் ஒருத்தி.

“அண்ணன் போன் பண்ணுன அன்னைக்கு இந்த வாய் எங்க போச்சு?” என்று கேட்டபடியே பிலோ இரண்டு மீனைக் கூடுதலாக வைத்தாள். தயிர்சாத டப்பாவோடு காருக்குள் இருந்த ரகு அண்ணாவைப் பார்த்து, “காத்து ஒங்க பக்கமா அடிக்கி, நா என்ன செய்ய?” என்றாள். அவரும் சிரித்துவிட்டார். அடுத்த பாட்லக்கிலிருந்து மீனுக்கு ஒரு தனி மேசை. ஓரத்தில்தான், ஆனாலும் மேசை.

அந்தக் கரைக்கு இறங்கும் பாதை மண்சரிவில் போய்விட்டது. மீன் வரத்தும் முன்போல் இல்லையாம். பிலோ குடும்பம் கேட்டி என்கிற தூரத்து ஊருக்குப் போய்விட்டது. பாட்லக்கே இல்லை, இப்போது ஹால், கேட்டரிங், தட்டு தட்டாகப் பனீர். சென்ற மாதம் யாரையும் கேட்காமல் மீன் பொரித்துக் கொண்டுபோய், பனீருக்குப் பக்கத்திலேயே நடு மேசையில் வைத்தேன். யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று பதிலோடு காத்திருந்தேன். போனைப் பார்த்துக்கொண்டே எடுத்தார்கள், சாப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லவும் ஆள் இல்லை, யார் செய்தது என்று கேட்கவும் ஆள் இல்லை.

ஆற்றாமல் பிலோவுக்குப் போன் பண்ணினேன். “ஒருத்தர்கூட சண்டைக்கு வரலடி.”

“வரலயா? அப்ப நீ ஒழுங்காப் பொரிக்கல. அடுத்த தடவ ஹாலே திரும்பிப் பாக்கணும், அப்படிப் பொரி.”