எலும்பைத் தொட்ட கை

கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம் போகும் வழியில், ஒரு வெறுங்காணியில் தகரக் கொட்டகை போட்டு டைனோசர் எலும்பு காட்டினார்கள். வாசலில் சீமெந்தால் செய்த பச்சை டைனோசர் ஒன்று நின்றது. கண்களுக்குச் சிவப்பு பல்ப். அதில் ஒன்று எரியாது. அதனால் அது போகிற வருகிற எல்லோரையும் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு நின்றது. எனக்கு அப்போது எட்டு வயது. சித்தப்பாதான் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே இருட்டு. மணலுக்கு மேல் ஒரேயொரு எலும்பு, தோணி நீளத்துக்குக் கிடந்தது.

“தொட்டுப் பாருங்க மகள், கடிக்காது. பல்லெல்லாம் வெளிநாட்டுல” என்றார் கொட்டகைக்கார முஸ்லிம் நானா.

தொட்டேன். காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரிச் சுட்டது. தகரக் கூரையின் சூடு என்று இப்போது சொல்லலாம். நுனியில் இருந்த ஓட்டையில் காதை வைத்தேன். உள்ளே யாரோ ஒரு நெடுமூச்சு விட்டார்கள். அடுத்த மூச்சு வரவேயில்லை.

வீடு வரும்வரை அந்தக் கையைச் சட்டையில் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். செத்த வீட்டுக்குப் போனவர்கள் தலைமுழுகாமல் உள்ளே வந்தால் சாவின் தீட்டான துடக்கும் கூட வரும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதில் அம்மா மிகவும் கடுமை. காரணம் மாமா, அம்மாவின் தமையன். வன்னிப் பக்கம் போனவர், சண்டைக்குள் காணாமற்போய் மூன்று வருடம். இருக்கிறார் என்றே அம்மா சொல்வார். வெள்ளிதோறும் அவருக்காக முருகனுக்கு விரதம்; வீட்டில் துடக்குப் பட்டால் அது பலிக்காது. செத்த எலும்பைத் தொட்ட கையோடு நான் உள்ளே போனால் மாமா செத்துப்போவார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

படியேறாமல் நின்று அழுதேன்.

“அண்ணி, உங்கட மகள் டைனோசருக்குத் துடக்குக் காக்கிறா! அது செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு வடை சுடுவமோ?” என்று சித்தப்பா கத்தினார்.

அம்மா வந்தார். சிரிக்கவில்லை.

“எங்க எடுத்ததாம் அந்த எலும்பு?”

“மண்ணுக்குள்ள கிடந்ததாம் அம்மா.”

“முழுசாவோ?”

“ஒண்டுதான்.”

அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். “ஒரு எலும்பை வைச்சு இன்னாரெண்டு சொல்லுவினமோ?”

“ஓம் அண்ணி, படிச்சவங்கள் சொல்லுவாங்கள். எவ்வளவு காலம் கிடந்தாலும்…” சித்தப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

அம்மா என் தலையில் தண்ணீர் ஊற்றி, திருநீறு பூசி உள்ளே விட்டார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அவரே கொட்டகைக்குப் போனார். எலும்புக்குப் பக்கத்தில் குந்தி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு குனிந்து, அந்த ஓட்டைக்குள் மெல்ல ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. கேட்டுவிட்டுக் காதை வைத்தார். நெடுநேரம் எடுக்கவேயில்லை. நானா வெளியே போய் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும், கட்டிய சேலையோடு குழாயடியில் உட்கார்ந்து வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார். ஊற்ற ஊற்ற, “அண்ணா, அண்ணா” என்று பெரிய குரலெடுத்துக் கூப்பிட்டார். துடக்கு முழுவதும் கழுவுபட்டுவிட்டது, மாமா தப்பிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவரை வரச்சொல்லித்தான் அம்மா கூப்பிடுகிறார் என்று நினைத்து, ஓடிப்போய் முன்கதவை அகலத் திறந்துவைத்தேன்.